சலூன் கிளி

சலூனில் காத்திருப்பவர்கள் சொல்லும் பொய் ஒன்று உண்டு. "எனக்கு அவசரமில்ல, பின்னால வந்தவரை உக்கார வைங்க" என்பார்கள். பெரியவர் அதை முதன்முதலாகக் கேட்டது ஒரு மழைக் காலையில். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. துணியை எடுத்து ஓர் உதறு உதறி, "வாங்க" என்றார். பெஞ்சில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அவசரமில்ல. சின்னவர் முடிக்கட்டும், உக்காந்திருக்கேன்."

ரொட்டிக்கடைக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முடிவெட்டி வந்தவர் பெரியவர். அந்த மண்டையின் உச்சியில் இரண்டு சுழி. இடது சுழியைச் சீப்பால் அழுத்திப் பிடித்து வெட்டாவிட்டால் மறுநாளே குச்சிமாதிரி எழுந்து நிற்கும். அது தன் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். துணியை மடித்து நாற்காலிக் கைப்பிடியில் போட்டுவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிரஷ்ஷை மறுபடியும் கழுவப் போனார்.

கடை பெரியவருடையது. சின்னவர் அவருடைய தங்கை புருஷன். எங்கோ ஒரு கடையில் கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தவரை, "ரெண்டாவது நாற்காலி சும்மாத்தானே கிடக்கு, வந்து நில்லுங்க மாப்பிள்ளை" என்று கூட்டிவந்தவரே பெரியவர்தான். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் தங்கை குடும்பம் இருந்தது. பெரியவரும் மனைவியும் அடுத்த தெருவில் இருந்தார்கள்.

சின்னவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் பெரியவருக்கு ஆகப்பெரிய கஷ்டம். கைவேலையில் அவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. இரண்டு கிருதாவையும் ஒரே அளவில் இறக்குவதற்குள் நாலு தரம் குனிந்து பார்ப்பார். ஆனால் தலையைக் கொடுத்தவனைப் பேசவிட்டுக் கேட்பார். பஸ் கண்டக்டர் தன் மேலதிகாரியைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்டமாட்டார். கத்தரியை ஒரு நொடி நிறுத்தி, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு "அப்புறம்" கேட்பதற்காகவே, முடி வளரக்கூட அவகாசம் கொடுக்காமல் ஆட்கள் வந்தார்கள். பெரியவர் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று அதைச் சொல்லிப் பார்த்தார். போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் சின்னவருக்குக் கிளி ஆசை வந்தது.

"உக்காந்திருக்கிறவங்களுக்குப் பொழுது போகும் மச்சான். பொண்ணும் கேட்டுக்கிட்டே இருக்கா."

"முடி பறக்கிற இடத்துல கிளிக்கு மூச்சு முட்டும்."

"ஜன்னல் ஓரமாத் தொங்கவிடலாம்."

"எச்சம் போடும்."

"நானே துடைச்சிடுறேன்."

மூன்றாவதாக ஒரு காரணம் பெரியவருக்குக் கிடைக்கவில்லை. "நீங்களும் வாங்க மச்சான், நீங்க பார்த்து எடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்று சின்னவர் சொன்னபோது, தன்னை மதித்துக் கூப்பிடுகிறாரே என்று ஒரு பக்கம் குளிர்ந்தது. மறுபக்கம், இப்படிப் பேசித்தானே ஊரையே மடக்குகிறான் என்று எரிந்தது.

பறவை விற்கும் சந்து கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. தகரக் கொட்டகைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள். தவிட்டு வாசனையும் ஈரக் காகித வாசனையும். விற்கிறவர் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே மரத்தூளில் நாலைந்து குஞ்சுகள். உடம்பெல்லாம் முள்முள்ளாக இறகுக் குருத்து. அலகு மட்டும் பெரிய ஆள் அலகு. மூடி திறந்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரே கத்தல்.

"இந்த வயசுல எடுத்தாத்தான் உங்க கை பழகும். பெருசா எடுத்தீங்கன்னா விரலை எடுத்துடும்" என்றார் விற்கிறவர்.

"பேசுமா?" என்றார் சின்னவர்.

"நீங்க பேசினா அது பேசும். வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசாத வீடுன்னா அதுவும் பேசாது. என்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது."

பெட்டியின் மூலையில் ஒன்று மட்டும் கத்தாமல் கண்ணை மூடிக் கிடந்தது. மற்றவை மிதித்தாலும் நகரவில்லை. பெரியவர் குனிந்து அதன் தொண்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது. வாரம் தாங்காது என்று அவருக்கே தெரிந்தது.

"இதை எடுங்க மாப்பிள்ளை. சாதுவா இருக்கு பாருங்க."

விற்கிறவர் பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். சொல்லவா வேண்டாமா என்று யோசித்தவர், பெட்டியில் ஒன்று குறைகிறதே என்று விட்டுவிட்டார்.

அது சாகவில்லை. சின்னவர் கடலைமாவை வெந்நீரில் கரைத்து, தேக்கரண்டியின் ஓரத்தை வளைத்து மூக்குமாதிரி ஆக்கி, இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் ஊட்டினார். கண்டக்டரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் ஊட்டினார். பாதித் தலையோடு கண்டக்டர் எழுந்து பின்னாலேயே போய் நின்று, "வாயைத் திறக்குது, வாயைத் திறக்குது" என்று சொன்னாரே தவிர கோபித்துக்கொள்ளவில்லை. இதையே நான் செய்திருந்தால் கண்டக்டர் கடையை ரெண்டாக்கியிருப்பான் என்று பெரியவர் நினைத்தார். குஞ்சைக் கம்பளித் துண்டில் சுற்றி விளக்குக்கு அருகில் வைத்துத் தங்கை பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, நீ எடுத்துக் கொடுத்தது தேறிடுச்சு" என்று அவள் மாடிப்படியில் நின்று சொன்னபோது, "ம்" என்றார்.

முள் உதிர்ந்து பச்சை வந்தது. வால் நீண்டது. மாவு போய் வாழைப்பழம் வந்தது, அப்புறம் ஊறவைத்த பயறு. சின்னவர் வேலைக்கு நடுவே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். "வாங்க." கதவு திறக்கும்போதெல்லாம் அதை நோக்கிக் குனிந்து, "வாங்க". பல நாள் அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டதோடு சரி. பேசாது, ஊமைக் கிளி என்று பெரியவர் ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாக இருந்த நேரம், பால்காரர் உள்ளே கால் வைத்தார். கிளி கழுத்தை நீட்டி, சின்னவரின் அதே குழைவோடு, "வாங்க" என்றது.

அதற்குப் பிறகு கடை கடையாக இல்லை. வெட்ட வேண்டியவனோடு வெட்ட வேண்டாதவனும் வந்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். கூண்டு ஜன்னல் ஓரம், அதாவது சின்னவர் நாற்காலிக்குப் பக்கத்தில். கிளியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் போனார். மருந்துக்கடை முதலாளி போனார். வாத்தியார், பெரியவரிடம் தலையசைத்துவிட்டு, "பேரனுக்காகத்தான்" என்று முனகிக்கொண்டு போனார். அன்று பேரன் அவரோடு வரவே இல்லை.

பெரியவரிடம் மிஞ்சியவர் தபால்காரர் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரத்துக்கு வருவார். கண்ணை மூடினால் நுரை தடவும்போதே தூங்கிவிடுவார். அவருக்குக் கிளியும் வேண்டாம், "அப்புறம்" என்பதும் வேண்டாம்.

ஒருநாள் அந்த "வாங்க"வைக் கேட்டபடி சும்மா நின்றிருந்தபோது பெரியவருக்கு யோசனை வந்தது. சொன்னதைச் சொல்கிற ஜென்மம்தானே. யார் சொல்லிக்கொடுத்தால் என்ன?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்.

"இவ்வளவு சீக்கிரம் எங்க?" என்றாள் மனைவி.

"கடையைக் கூட்டணும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவை வீட்டைக் கூட்டியிருக்கீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டார். சட்டைப் பையில் கொய்யாத் துண்டுகள் இருந்தன. சின்னவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் கடைக்கு இறங்குவார். அதுவரை கடையும் கிளியும் பெரியவர் கையில்.

திட்டம் இதுதான். பெரியவர் போய்ச் சின்னவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். வெள்ளைத் துணியை உதறுவார். ஒரு இருமல் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "காது போச்சு" என்பார். கொய்யாத் துண்டு கொடுப்பார். மறுபடி துணி, மறுபடி "காது போச்சு", மறுபடி கொய்யா. கிளி அதைப் பிடித்துக்கொண்டால், இனி சின்னவர் யாருக்குத் துணியை உதறிப் போர்த்தினாலும் அது சொல்லும். கழுத்தில் கத்தி இருக்கும்போது காதைப் பற்றி அப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு எவன் அந்த நாற்காலியில் உட்காருவான்? ஒருவன் எழுந்து இந்தப் பக்கம் வந்தால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள்.

நினைத்ததுபோல அது சுலபமாக இல்லை. முதல் சில நாள் கிளி கொய்யாவைத் தின்றுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "தின்னத் தெரியுது, சொல்லத் தெரியலையா" என்று அவர் கூண்டைத் தட்டினால் விரலைப் பார்த்து வாயைத் திறந்தது. அப்புறம் அவர் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வர ஆரம்பித்தது. கூண்டுக் கதவைத் திறந்தால் தோளுக்கு வந்தது. காலைத் தூக்கி அவர் காதுமடலைப் பிடித்துக்கொண்டு மீசை முடியை ஒவ்வொன்றாக அலகால் நீவியது. அது அப்படி நீவும்போது கண்மணி சுருங்குவதும் விரிவதுமாக இருக்கும். பெரியவர் அசையாமல் நிற்பார். வேலைக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொடுக்க மறந்துபோய்ச் சும்மா நின்ற காலைகளும் உண்டு.

வீட்டில் மனைவி சட்டைப் பையை உதறியபோது கொய்யா விதையும் எறும்பும் விழுந்தன.

"உங்களுக்குக் கொய்யாவைக் கண்டாலே ஆகாதே."

"இப்ப ஆகுது."

"விடியக்காலையில கடைக்கு ஓடுறது, கொய்யாப்பழம் வாங்குறது, மீசையை நீவிக்கிறது. எவ அவ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டுச் சட்டையை உடனே தண்ணீரில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"வயசு என்ன ஆகுதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள்.

அது நடந்தது கடையில் கூட்டம் நிறைந்திருந்த ஒரு காலையில். சின்னவர் நாற்காலியில் கண்டக்டர். பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும். பெரியவர் நாற்காலியில் தபால்காரர், தலையைப் பின்னால் சாய்த்துத் தூக்கம். சின்னவர் துணியை உதறினார். பெரியவர் ஓரக்கண்ணால் கூண்டைப் பார்த்தார். கிளி வாயே திறக்கவில்லை, பயறைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. சின்னவர் இன்னொரு முறைகூடத் துணியைச் சரிசெய்து உதறினார். ஒன்றுமில்லை. இத்தனை நாள் கொய்யாவும் வீண் என்று வெறுத்துப்போய் பெரியவர் கத்தியைத் தீட்டி, தபால்காரரின் காதோரம் வைத்தார்.

கத்தியை வைப்பதற்காக இரண்டடி தள்ளி ஜன்னல் பக்கமாக வந்தவரைக் கிளி பார்த்துவிட்டது. அது துணியைக் கற்றுக்கொள்ளவே இல்லை. நாற்காலியையும் கற்றுக்கொள்ளவில்லை. கொய்யா தரும் ஆளைக் கற்றுக்கொண்டிருந்தது. கம்பி கம்பியாக அவர் பக்கம் இறங்கி வந்தது. முதலில் ஓர் இருமல் இருமியது, பெரியவர் இருமுவதுபோலவே, தொண்டைக்குள் கரகரவென்று. பிறகு அவர் குரலிலேயே சத்தமாகச் சொன்னது.

"காது போச்சு."

தபால்காரர் தூக்கத்திலிருந்து தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். கை தானாகக் காதுக்குப் போனது. கத்தி அங்கேதான் இருந்தது.

வெட்டு ஆழமில்லை. ஆனால் காதுமடல் ரத்தம் நிற்காத இடம். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிவப்பாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் பெரியவர் கையால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கத்தியைப் பிடித்தபடி நின்றார். சின்னவர்தான் ஓடிவந்து படிகாரத்தை நனைத்து அழுத்தினார், பஞ்சு வைத்தார், தபால்காரரின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டார். கிளி கொய்யா வராததால் மறுபடி இருமியது. "காது போச்சு, காது போச்சு."

கண்டக்டர் சிரித்தார். ரொட்டிக்கடைக்காரரும் சிரித்தார். பிறகு ரொட்டிக்கடைக்காரர் கிளியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்த இருமலை இருபது வருஷமாகப் பிடரியில் கேட்டவர் அவர்.

எல்லோரும் போனபிறகு சின்னவர் தரையைக் கூட்டினார். ரத்தம் பட்ட துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த இருமல் உங்களோடது மச்சான்."

பெரியவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அவர் ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். எங்க மேல என்ன கோபம் அண்ணே?"

"கோபம் ஒண்ணும் இல்ல."

"பின்ன என்ன?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைக்காமலேயே சொன்னாள்.

"பொறாமை. நான் என்னவோ ஏதோன்னு ஒரு மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில பார்த்தா கிளிக்குக் கொய்யா."

"எங்களைப் பார்த்தா?" என்றாள் தங்கை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. "மழை வந்தா மூணு இடத்துல பாத்திரம் வைக்கிறோம். எங்களைப் பார்த்தா பொறாமை?"

தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பஸ் நிலையத்துப் பக்கம் புதுசா ஒரு கடைக்கு அவரைக் கூப்பிடுறாங்க. ரொம்ப நாளாக் கூப்பிடுறாங்க. மச்சான் தனியா நிப்பாரேன்னு போகாம இருக்காரு. போகணும்னா சொல்லிடு. கிளியை வச்சுச் சொல்லாதே, நீயே சொல்லு."

பெரியவர் இரும வந்ததை விழுங்கிக்கொண்டார், அந்த இருமலுக்கே இப்போது கூச்சமாக இருந்தது.

"போகச் சொல்லலைம்மா."

"இருக்கவும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று வெயில் தாழ்ந்த நேரத்தில் சின்னவரே வந்தார். முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை. மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தபால்காரருக்கு ஆறிடுச்சு மச்சான். இன்னைக்கு வந்தாரு. உங்களுக்காக உக்காந்திருந்தாரு, நான் கூப்பிட்டேன், வரலை. அவசரமில்லைன்னுட்டாரு."

"அப்படியா."

"கிளி சாப்பிடலை. நேத்திலேருந்து. நான் என்ன கொடுத்தாலும் தட்டிவிடுது. கதவு திறந்தா ஓடிவந்து பார்க்குது, நான்னு தெரிஞ்சதும் மேல ஏறி உக்காந்துக்குது."

"கொய்யா கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். வாங்கலை."

டீயைக் கீழே வைத்தார். கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

"காது விஷயத்தை நான் மறந்துடுவேன் மச்சான். சத்தியமா மறந்துடுவேன். ஆனா குஞ்சுலேருந்து வாயில ஊட்டி வளர்த்தவன் நான். செத்துப்போகும்னு நினைச்சதை எடுத்து வளர்த்தேன். அது உங்களைத் தேடுது. எனக்கு எரியுது மச்சான். நேத்து ராத்திரி தூங்கலை. கூண்டோட தூக்கி வெளியில வீசிடலாமான்னு இருந்துச்சு. ஒரு கிளி மேல போய் இப்படி இருக்குமா?"

பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். எல்லாரையும் பேசவைத்துக் கேட்கிற மனிதன், இன்று யாராவது கேட்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தார்.

"இருக்கும் மாப்பிள்ளை" என்றார். "நல்லாவே இருக்கும். அதுல ஒண்ணும் அதிசயமில்ல."

சொல்லும்போதே உள்ளே எங்கோ ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அது என்னைத்தான் தேடுகிறது. அதைக் கண்டுகொண்டு அவருக்கே அசிங்கமாக இருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

இருவரும் கடைக்கு நடந்தார்கள். கடைக்கதவைத் தள்ளியதும் கிளி மேல் கம்பியிலிருந்து பாய்ந்து இறங்கியது, இருமியது, சொன்னது. பெரியவர் தாழ்ப்பாளைத் திறந்ததும் தோளுக்கு வந்து காதைப் பிடித்துக்கொண்டு மீசையை நீவ ஆரம்பித்தது. மெலிந்திருந்தது. மார்பெலும்பு விரலில் தட்டியது. அவர் கொடுத்த கொய்யாவைக் காலால் வாங்கித் தின்றது. எதிர்க் கண்ணாடியில் சின்னவர் கதவோரமாக நிற்பது தெரிந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை. அந்த மூஞ்சியைப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். பல மாதமாக அதே கண்ணாடியில் தினமும் பார்த்த மூஞ்சி, ஆள்தான் வேறு.

"இங்க வாங்க" என்றார். மிச்சமிருந்த துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்தார். "கையை நீட்டாதீங்க. சும்மா வச்சிருங்க. அது பார்க்காத மாதிரி நில்லுங்க."

"வராது மச்சான். நீங்க இருக்கிறவரைக்கும் வராது."

அது உண்மை. பெரியவர் கிளியைத் தோளிலிருந்து பிரித்து எடுத்தார். நகம் சட்டையை விடவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. சின்னவர் நாற்காலியின் முதுகில் அதை உட்கார வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பின்னால் கிளி கத்தியது. இருமல், "காது போச்சு", இருமல், "காது போச்சு". அவர் திரும்பவில்லை. சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே சத்தம் ஓய்ந்தது. சின்னவர் மெதுவாக ஏதோ பேசுவது கேட்டது. அது கொய்யாவை வாங்கக்கூடாது, வாங்கக்கூடாது என்று பெரியவர் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. தெருவில் சைக்கிள்கள் போயின. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து சின்னவரின் சிரிப்பு வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் கிளி. "வாங்க."

பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. வெளியூர் ஆள், கையில் பை, ஒரு வாரத் தாடி.

"கடை திறந்திருக்கா? யார் பார்ப்பீங்க, நீங்களா?"

பெரியவர் எழுந்து அந்த ஆளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள போங்க. ஜன்னல் பக்கத்து நாற்காலி. சின்னவர் நல்லாப் பண்ணுவாரு."